மெல்லிய குரலுக்கு விழித்திருத்தல்



அண்மையில் நம் சபை வாலிபரோடு சித்தன்னவாசலுக்குச் சென்றிருந்தேன். அறிவர் கோயிலின் தாமரைப் பொய்கை ஓவியத்தைக் கண்டபின், அச்சமணக் குடைவரையின் உள்ளறைக்குள் நுழைந்தோம். தகுந்த சுருதியில் மெல்ல முனகினால் போதும். அறை முழுதும் ரீங்கரிக்கிறது. சிலர் உரக்கக் கூவினர். எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து, ஒரு சொல்லும் விளங்கவில்லை.

நம் ஆலயத்தின் ஒலிபெருக்கியைக் கவனிக்கும் சகோதரர் உடனிருந்தார். "நம் ஆம்ப்ளிஃபயருக்கும் இதே பாடுதான், ஐயா" என்று சொல்லி விளக்கினார். மைக்கிலிருந்து வரும் சிக்னலை அது வடிவம் மாறாமல் பெரிதாக்க வேண்டும். ஆயினும் தனக்கு ஊட்டப்படும் மின்னழுத்தத்தை மிஞ்சி அதனால் எழ இயலாது. சிக்னல் மிகப் பெரிதானால் அலையின் உச்சிகள் வெட்டுண்டு, குரல் கரகரக்கும். முதற்கட்டத்திலேயே வெட்டுண்டதைப் பின்பு வால்யூமைக் குறைத்து மீட்க முடியாது.

சிறிய சிக்னலுக்கு வேறோர் ஆபத்து. பல ஆம்ப்ளிஃபயர்களில், இறுதிக்கட்டத்தில் அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கின்றன. சிலிக்கான் டிரான்சிஸ்டரோ ஏறத்தாழ 0.6 வோல்ட் கிடைத்தாலன்றி விழிக்காது. அதற்குட்பட்ட மெல்லிய அலை, இரண்டும் உறங்கும் இடைவெளியில் விழுந்து மறையும். ஆகவே, எவரும் பேசாத வேளையிலும் ஒரு சிறு மின்னோட்டத்தை ஓடவிட்டு அவற்றை விழிப்பாக வைத்திருக்கிறார்கள். அதற்குப் பயாஸ் என்று பெயர்.

அன்றிரவு என் உள்ளம் குத்துண்டது. ஆராதனை முடிந்து வாசலில் நிற்கையில், உரத்துப் பேசுகிறவர்களுக்கே என் செவி திறக்கிறது. சென்ற மாதம் ஒரு தாயார் என் கையைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். "ஸ்தோத்திரம் அம்மா" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அவருடைய மகன் வீட்டைவிட்டுப் போய்விட்டான் என்பதைப் பத்து நாட்கள் கழித்துப் பிறர் சொல்லியே அறிந்தேன்.

சீலோவில் அன்னாளின் உதடுகள் மாத்திரம் அசைந்தன. அருகிலிருந்த ஆசாரியன் ஏலி அவளை வெறித்திருப்பவளென்று எண்ணினான். தேவனோ அவளைக் கேட்டார். நான் ஏலியின் இடத்தில் நின்றிருந்தேன்.

மறுநாளே அத்தாயாரின் வீட்டிற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் மெல்லத்தான் பேசினார், இம்முறை கேட்டேன். அவருடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன்.

பிரியமானவர்களே, தேவை வந்தபின் விழிப்போமென்றால், மெல்லிய குரல் அதற்குள் கடந்துபோயிருக்கும். அமைதியான நாட்களிலும் நம்முள் ஓடவேண்டிய அந்தச் சிறு மின்னோட்டமே அனுதின ஜெபம். உங்கள் வீட்டிலும் தாழ்ந்த குரலில் பேசுகிறவர் ஒருவர் இருப்பார். இவ்வாரம் அவரருகே சற்று அமர்ந்திருங்கள்.

ஆண்டவரே, எங்கள் செவிகளை விழித்திருக்கச் செய்யும். ஆமென்.