அரிட்டாபட்டிக்கு ஒரே குறிச்சொல்

மேலூர் வட்டாரத்துக்கென ஒரு வலைத்தளத்தை வேர்ட்பிரஸில் நடத்தி வருகிறேன். கட்டுரை எழுதுவதில் காட்டும் அக்கறையைக் குறிச்சொல் போடுவதிலும் காட்ட வேண்டும் என்பது என் கட்சி. கூட எழுதும் தம்பிகள் சிரிப்பார்கள். "அதான் தேடுபெட்டி இருக்கேண்ணே, இது எதுக்கு?"

தேடுபெட்டி தமிழில் காலை வாரும். அதில் 'மேலூர்' என்று அடித்துப் பாருங்கள். 'மேலூரில்', 'மேலூருக்கு' என்று மட்டும் எழுதிய கட்டுரை ஒன்றுகூட வராது. வேர்ட்பிரஸ் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் தேடுகிறது. 'மேலூர்' முடிவது புள்ளியில். 'மேலூரில்' என்பதிலோ அந்தப் புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி. கணினிக்கு இரண்டும் வேறு. உருபு ஏறாத ஊர்ப்பெயரை மட்டும் வைத்துத் தமிழில் ஒரு பத்தி எழுத முடியுமா? அதனால்தான் ஊர்ப்பெயரை மொட்டையாக, குறிச்சொல்லாகப் போட்டுவைக்கிறேன்.

எந்தப் பெயர் என்பது அடுத்த வழக்கு. எங்கள் வட்டாரக் கிராமம் ஒன்று அரிட்டாபட்டியா, அரிட்டாப்பட்டியா? பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழிக் கல்வெட்டுகளை ஆய்வாளர்கள் மாங்குளம் கல்வெட்டுகள் என்கிறார்கள். அவை உள்ள மலை இருப்பது மீனாட்சிபுரத்தில். அதற்கு ஓவாமலை என்றும் பெயர். ஆளுக்கொரு பெயர் போட்டால் ஒரே மலை மூன்று பக்கங்களில் சிதறிவிடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுகிறேன். இரண்டு குறிச்சொற்களை ஒன்றாக்க வேர்ட்பிரஸில் நேரான பொத்தான் இல்லை. வேண்டாத குறிச்சொல்லின் பதிவுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, வேண்டியதைச் சேர்த்த பிறகு பழையதை நீக்க வேண்டும். குறிச்சொல்லை நீக்கினால் பதிவு போய்விடாது, பயப்பட வேண்டாம்.

இந்த உழைப்பின் பலனை அரிட்டாபட்டியில் பார்த்தேன். 2022 நவம்பரில் அரசு அதைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.215 ஹெக்டேர். அந்தச் செய்தி எங்கள் தளத்தில் 'சுற்றுச்சூழல்' வகையில் இருந்தது. பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் இலகுலீசர் சிற்பமும் 'வரலாறு' வகையில். கண்மாய்கள் 'விவசாயம்' வகையில். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனதாகச் செய்தி வந்தது. ஏலம் விட்ட 2,015.51 ஹெக்டேருக்குள் அந்தத் தலமும் அடக்கம். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: அந்த மலையில் அப்படி என்ன இருக்கிறது? புதிதாக ஒரு வரி எழுதவில்லை. 'அரிட்டாபட்டி' குறிச்சொல் பக்கத்தின் இணைப்பை அனுப்பினேன். மூன்று வகைகளில் கிடந்தவை ஒரே பக்கத்தில் வரிசையாக நின்றன. 2025 ஜனவரி 7 அன்று மக்கள் சுரங்கத்தை எதிர்த்து மதுரைக்குப் பேரணி போனபோதும், 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தபோதும் அதே இணைப்புதான். 'டங்ஸ்டன்' என்றும் ஒரு குறிச்சொல் வைத்திருந்தேன். அது செய்தியோடு ஓய்ந்துவிட்டது. ஊர்க் குறிச்சொல் ஓயாது. 'செய்திகள்', 'தமிழ்நாடு' போன்றவற்றைப் போடவே போடாதீர்கள், எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதையும் பிரித்துக் காட்டாது.

முகவரியில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்க் குறிச்சொல்லின் முகவரியில் ஒவ்வொரு எழுத்தும், அதன் கொம்பும் காலும் தனித்தனியாக, ஒன்பது குறிகளாக விரியும். வேர்ட்பிரஸ் 200 குறிகளுக்குமேல் வெட்டிவிடும். 'பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்' பாதியில் நின்றுபோகும். குறிச்சொல் தமிழில் இருக்கட்டும். முகவரிக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒன்று கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பவும் அதுதான் வசதி.

படங்களுக்கு வேர்ட்பிரஸில் இயல்பாகக் குறிச்சொல் வசதி கிடையாது. கோப்புப் பெயரிலும் படவிளக்கத்திலும் ஊர்ப்பெயரை எழுதிவிடுங்கள். அதையும் உருபு சேர்க்காமல்.