உப்பு மரவை

எங்கள் அம்பாசமுத்திரத்து வீட்டு அடுக்களையில் உப்புக்கென்றே ஒரு பலா மரவை இருந்தது. ஒரே கட்டையைக் குடைந்து செய்தது. உப்பு எதையும் சும்மா விடாது. இரும்பைத் துருவாக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும், மண் கலயத்தின் வெளியே பூத்துப் பூத்து அடியை உதிர்க்கும். மரம்தான் அதோடு காலம் தள்ளும். ஐப்பசி மழையில் தூத்துக்குடிக் கல்லுப்பு கசிந்தால் அந்த ஈரத்தை மரவை உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். வெயில் வந்ததும் விட்டுவிடும்.

மரவைக்குத் தண்ணீரே காட்டமாட்டாள் ஆச்சி. உப்பு தீரும்போது உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். மத்தும் அகப்பையும் இடியாப்ப உரலும்தான் தண்ணீரில் படுபவை. பருப்புக் கடைந்த மத்தைச் சட்டிக்குள் போட்டுவிட்டு நகர்ந்தால் போதும், “ஏட்டி, மரத்த ஊறப் போடாத, வாய் பிளந்துரும்” என்ற குரல் வாசல்வரை கேட்கும். சலித்த அடுப்புச் சாம்பலைத் தேங்காய்நாரில் தொட்டு, மரத்தின் ரேகை ஓடும் போக்கிலேயே தேய்ப்பாள். குறுக்கே தேய்த்தால் சிலும்பு எழும். மத்துப் பூவின் இடுக்குகளுக்கு ஈர்க்குச்சி.

காயவைப்பது நிழலில். வெயில் மேற்பரப்பை முதலில் சுருக்கிவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த இழுபறியில்தான் மரம் வெடிக்கிறது. ஆச்சி இதையெல்லாம் விளக்கியதில்லை. “நெழல்ல கவுத்துட்டி” என்பாள்.

கடைசல் பட்டறையிலிருந்து புது அகப்பை வந்தால் மட்டும் வடிகஞ்சியில் ஒரு ராத்திரி கிடக்கும். ஊறப்போட அவள் சம்மதித்தது அந்த ஒரு தடவைக்குத்தான். பச்சை மர வாடை போனதும் நன்றாகக் காயவைத்துத் தேங்காயெண்ணெய் தடவுவாள். வெட்டுமுகம்தான் எண்ணெயை நிறையக் குடிக்கும் என்று மத்தின் அடியிலும் காம்பின் நுனியிலும் மறுபடி தடவுவாள். நாள்பட நாள்பட அவை எல்லாம் அவள் கைபட்ட இடத்தில் கறுத்து வழவழப்பாகிவிட்டன.

எரிவாயு அடுப்பு வந்து சாம்பலைக் கொண்டுபோயிற்று. பொட்டலத்து அயோடின் உப்புக்கு மூடி இறுகிய டப்பாதான் தோது. மரவைக்கு வேலை இல்லாமல் போனது. ஆச்சிக்குப் பிறகு பாகம் பிரித்தபோது பித்தளையை எடைபோட்டுப் பங்கிட்டார்கள். மரச்சாமான்களை யாரும் தராசில் வைக்கவில்லை. அந்த மரவை யார் வீட்டுக்குப் போனது என்று கேட்டால் இன்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஊரில் கடைசல் இன்னும் நடக்கிறது. சொப்புச் சாமான்களில் குழந்தைகளுக்காகக் குட்டி உரலும் உலக்கையும் செய்கிறார்கள். பெரிய மனுஷர்கள் புழங்கும் அளவில் கேட்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பரணில் மரவையோ மத்தோ கிடந்தால் இறக்கி வையுங்கள். சாம்பலுக்குப் பதில் கல்லுப்பும் எலுமிச்சை மூடியும் போதும். உடனே கழுவி, துடைத்து, நிழலில் கவிழ்த்துக் காயவைத்து எண்ணெய் தடவுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குள் மட்டும் போட்டுவிடாதீர்கள்.