வாசல் இல்லாத வீடுகள்

ஹைதராபாத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் பாலாநகர் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சார்மினார், கோல்கொண்டா, சாலார் ஜங் மியூசியம் என்று அவர்களது பட்டியல் முடிந்துவிடும். பாலாநகர் 1960களிலிருந்து வளர்ந்த தொழில் பகுதி. ஹெச்.ஏ.எல். தொழிற்கூடம் இங்கே இருக்கிறது. 1970இல் தொடங்கிய எம்.டி.ஏ.ஆர். நிறுவனம் இஸ்ரோ ராக்கெட்டுகளுக்குப் பாகங்கள் செய்து தருவதும் இங்கேதான். பெரிய ஆலைகளைச் சுற்றி லேத் பட்டறைகள். பட்டறைகளைச் சுற்றி உழைப்பாளிகளின் நெருக்கமான குடியிருப்புகள்.

இந்தச் சந்துகளுக்கும் வெளியாட்கள் வரத்தான் செய்கிறார்கள். தேய்ந்துபோன பல்சக்கரமோ முறிந்த ஷாஃப்டோ கையில் இருக்கும். பட்டறைக்காரர் அதைப் புரட்டிப் பார்ப்பார், அளவெடுப்பார், கூலி சொல்வார். பேரம் நடக்கும். வந்தவர் கண்ணில் சாக்கடையும் தகரக் கூரையும் படாமல் இருக்காது. ஆனால் அவர் வந்தது வேறு வேலையாக.

சாக்கடையையும் தகரக் கூரையையும் பார்ப்பதற்கென்றே கட்டணம் கட்டி வருகிறவர்களும் இருக்கிறார்கள். சேரிச் சுற்றுலா புதிதல்ல. 1880களில் லண்டன் பணக்காரர்கள் ஈஸ்ட் எண்ட் ஏழைகளைப் பார்க்கக் கோஷ்டியாகப் போனார்கள். 1990களில் ரியோ டி ஜெனீரோவின் குடிசைப் பகுதிகளுக்குச் சுற்றுலா தொடங்கியது. நம் நாட்டில் அதன் தலைநகரம் மும்பையின் தாராவி.

தாராவி தமிழர்களுக்கு அந்நியமான இடமல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய்த் தோல் பதனிட்டவர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் வேயும் கர்நாடகத்தைச் சேர்ந்த கிருஷ்ணா பூஜாரியும் தொடங்கிய ரியாலிட்டி டூர்ஸ், 2006 முதல் பயணிகளை அங்கே அழைத்துப் போகிறது. சிறு குழுக்கள் மட்டுமே. குடியிருப்புச் சந்துகளில் புகைப்படம் எடுக்கத் தடை. லாபத்தில் 80 சதவீதம் கல்வி போன்ற சமூகப் பணிகளுக்கு. பிளாஸ்டிக் மறுசுழற்சி, மண்பாண்டம், தோல் தொழில் என்று உழைப்பைத்தான் காட்டுகிறோம் என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மெலிசா நிஸ்பெட், தாராவி போய்வந்த பயணிகள் எழுதிய கருத்துகளை ஆராய்ந்து 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சுறுசுறுப்பைப் பார்த்து வியந்தவர்களில் பலர், வறுமை ஒரு பிரச்சினையே அல்ல என்ற எண்ணத்தோடு திரும்பியிருந்தார்கள். உழைப்பின் பெருமையில் குடிநீரும் கழிப்பிடமும் மறந்துபோயின.

பார்க்கப்படுகிறவர்கள் என்ன நினைக்கிறார்கள்? எல்லோரிடமும் ஒரே பதிலை எதிர்பார்ப்பதே தவறு. வழிகாட்டி வேலை கிடைத்த இளைஞனுக்கு அது சம்பளம். தன் சரக்கை வெளிநாட்டுக்காரர் எடுத்துப் பார்த்தால் குயவருக்குப் பெருமையாகக்கூட இருக்கலாம். தெருக்குழாயில் குளிக்கிற பெண்ணுக்கு எப்படி இருக்கும்? கென்யாவின் கிபேரா சேரியில் வளர்ந்த கென்னடி ஒடேடே 2010இல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். 16 வயதில் வீட்டு வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பெண் அவரைப் படம் பிடித்தார். கூண்டுப் புலியைப் போல உணர்ந்ததாக அவர் நினைவுகூர்ந்தார்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. பயணி தான் நடப்பது தெரு என்று நினைக்கிறார். ஆனால் பத்துக்குப் பத்து அறையில் குடும்பமே வசிக்கும் இடத்தில், சந்துதான் சமையல்கட்டு, முற்றம், சில சமயம் படுக்கையறை. வசதியான வீட்டில் அழைப்புமணி அடித்து, “உள்ளே வரலாமா?” என்று கேட்கிற அதே மனிதர், இங்கே கேட்காமலே வீட்டுக்குள் வந்துவிடுகிறார். தட்டுவதற்குக் கதவு இல்லை என்பதால் அனுமதியும் தேவையில்லை என்றாகிவிடுகிறது.

வறுமையைக் காட்டுவதில் உள்ள இதே குறை, அதை மறைப்பதிலும் உண்டு. 2017 நவம்பரில் இவான்கா டிரம்ப் கலந்துகொண்ட உலகத் தொழில்முனைவோர் மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, ஹைதராபாத் போலீஸ் பிச்சை எடுப்பதற்கு இரண்டு மாதத் தடை விதித்தது. தெருவில் இருந்தவர்கள் சிறை வளாகங்களில் அமைத்த இல்லங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 2020இல் அதிபர் டிரம்ப் வருகைக்கு முன் அகமதாபாத்தில் ஒரு குடிசைப் பகுதியின் முன்னால் சுவர் எழும்பியது. 2023இல் ஜி-20 மாநாட்டின்போது டில்லிக் குடிசைகள் பச்சைத் திரைக்குப் பின்னால் போயின. திரையை விலக்குவதா, இழுத்து மூடுவதா என்பதை முடிவு செய்தவர்கள் ஒருபோதும் அந்தக் குடிசைகளில் வசித்தவர்கள் அல்ல.

தாராவியின் கேமராத் தடை இதனால்தான் முக்கியமாகிறது. கதவில்லாத வீட்டுக்கு அது ஒரு சிறு கதவு. அந்தக் கதவின் சாவி சுற்றுலா நிறுவனத்திடம் இல்லாமல் குடியிருப்பவர்களிடமே இருக்க வேண்டும். எந்தச் சந்து, எந்த நேரம், எத்தனை பேர், எவ்வளவு கட்டணம் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். வேண்டாம் என்றும் சொல்ல முடிய வேண்டும்.

பாலாநகர் பட்டறைக்காரர் அதைத்தான் தினமும் செய்கிறார். கூலி கட்டுப்படியாகாவிட்டால், கொண்டுவந்த ஷாஃப்டைத் திருப்பிக் கொடுத்து, வந்தவரை அனுப்பிவிட அவரால் முடிகிறது. சாக்கடை ஓரம்தான் பட்டறை. ஆனாலும் அது அவருடைய வாசல்.