பிபி பார்க்க வந்த நர்சைத் திருப்பி அனுப்பினேன்

திருப்பூர் முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் பனியன் ஜாப் ஒர்க் கம்பெனி நடத்துகிறேன். பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் ஒரே கூரைக்குள் நடக்கும். நான் செய்த இரண்டு காரியங்களை இங்கே எழுதி வைக்க வேண்டும். என் கம்பெனி ஆட்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வந்த அரசு நர்சை வாசலோடு திருப்பி அனுப்பினேன். அதே வருஷம், என் ஒருவனுக்காக முப்பதாயிரத்துக்கு மேல் கட்டி, தலை முதல் கால் வரை எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டேன்.

நர்ஸ் வந்ததற்குப் பின்னால் ஒரு நல்ல யோசனை இருந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரையும் கொடுக்கும் திட்டம். ஆனால் காலை எட்டரைக்கு வந்து ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி வீடு திரும்புகிறவரை வீட்டில் எப்படிப் பிடிப்பது? அதனால் 2024-ல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' என்று வேலையிடத்துக்கே வர ஆரம்பித்தார்கள். திருப்பூருக்கென்றே யோசித்தது போன்ற ஏற்பாடு.

"அரை மணி நேரம் போதுங்ண்ணா. ஒரு லைன் முடிச்சு அடுத்த லைனைக் கூப்பிட்டுக்கறோம். மிஷின் நிக்காதுங்க" என்றார் அந்த நர்ஸ்.

"நாளைக்கு இன்ஸ்பெக்ஷனுங்க சிஸ்டர். ஷிப்மென்ட் போகட்டும், நானே கூப்பிடறேன்" என்றேன். ஷிப்மென்ட் போனது. நான் கூப்பிடவில்லை.

இன்ஸ்பெக்ஷன் இருந்தது உண்மை. நான் மறுத்ததற்கு அது பாதிக் காரணம்கூடக் கிடையாது. செக்கிங்கிலும் பேக்கிங்கிலும் கான்ட்ராக்டர் மூலம் வந்த பெண்கள் பலருக்கு நான் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு போடவில்லை. அரசாங்கத்து ஆள் ஒருவர் நோட்டோடு உள்ளே வந்து பெயரும் வயதும் எழுதினால் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பது வெளியே தெரிந்துவிடும் என்று பயந்தேன். நர்சுக்கும் இ.எஸ்.ஐ. ஆபீசுக்கும் சம்பந்தம் இல்லை. குற்றமுள்ள மனசுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. கான்ட்ராக்டர் கூட்டி வந்த ஆளானாலும் பொறுப்பு முதலாளியுடையது என்பது மட்டும் அன்றைக்கே எனக்குத் தெரியும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2019 ஜூலை முதல் இ.எஸ்.ஐ.க்கு முதலாளி பங்கு சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. மாதம் 12,000 வாங்குகிற பெண்ணுக்கு நான் கட்ட வேண்டியது 390 ரூபாய், வருஷத்துக்கு 4,680. ஸ்கேனுக்கு நான் கொடுத்த பணத்தில் ஆறு பெண்களுக்கு ஒரு வருஷம் கட்டியிருக்கலாம்.

ஸ்கேனுக்குப் போகக் காரணம் பயம். என் வயதுக்காரர், எக்ஸ்போர்ட் செய்துகொண்டிருந்தவர், ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் இல்லை. மாரடைப்பு. அந்த வாரமெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ இருப்பது போலவே இருந்தது. அப்போதுதான் செல்போனில் முழு உடல் எம்.ஆர்.ஐ. விளம்பரங்கள் கண்ணில் பட்டன. கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம் என்றார்கள். 2023 ஆகஸ்டில் அமெரிக்க டி.வி. பிரபலம் கிம் கர்தாஷியன் இந்த ஸ்கேன் மிஷின் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைப் போட்டு உலகம் முழுக்கப் பேச வைத்திருந்தார். அப்போது அங்கே இதற்கு 2,500 டாலர் வரை வாங்கினார்கள். நம் ஊரில் அதில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறதே என்று கிளம்பிவிட்டேன். மாரடைப்புக்குப் பயந்து போனவன், இதய ரத்தக்குழாய் அடைப்பை இந்த ஸ்கேன் காட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. காட்டாது.

மோதிரம், வாட்ச், இடுப்பில் கட்டியிருந்த வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் வைத்தார்கள். நெஞ்சு மேல் கனமான பட்டையைக் கட்டி உள்ளே தள்ளினார்கள். காதை அடைத்தும் 'டக் டக்' சத்தம் மண்டைக்குள் இறங்கியது. "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க" என்று ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது. வெளியே வந்தபோது பெரிய கடமை முடித்த நிம்மதி.

ரிப்போர்ட் பக்கம் பக்கமாக வந்தது. கல்லீரலில் சின்ன ரத்தக்குழாய்க் கட்டி, சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, இடுப்பு டிஸ்க்கில் தேய்மானம். அவற்றோடு, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒரு சிறு முடிச்சு, 'மேற்கொண்டு பரிசோதிக்கவும்'. அந்த ஒரு வரி என்னைச் சாய்த்தது. சம்சாரத்திடம் சொல்லவில்லை. பையன் படிப்பு, பேங்க் கடன், இடத்துப் பத்திரம் என்று ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

செக்கிங் மேஜையில் துணியை லைட்டுக்கு எதிரே பிடித்தால் தடித்த நூல், முடிச்சு, எண்ணெய்க் கறை எல்லாம் தெரியும். அத்தனையையும் ரிஜெக்ட் என்று ஒதுக்கினால் ஒரு பீஸ்கூடப் பெட்டிக்குப் போகாது. நாற்பது தாண்டிய உடம்பும் அப்படித்தான் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நோய்க்குறி இல்லாத 5,373 பேரின் முழு உடல் எம்.ஆர்.ஐ. முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, ஆபத்தானது அல்லது என்னவென்று முடிவு சொல்ல முடியாதது என்று ஏதோ ஒன்று கண்ணில் பட்டிருந்தது. நோய்க்குறியோ குடும்ப வரலாறோ இல்லாதவருக்கு இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்களின் அமைப்பு 2023 ஏப்ரலில் அறிக்கையே விட்டது. தென்கொரியாவில் தைராய்டை ஸ்கேன் செய்து பார்ப்பது பரவியபோது, 2011-ல் தைராய்டு புற்றுநோய் என்று சொல்லப்பட்டவர்கள் 1993-ல் இருந்ததைப் போல் 15 மடங்கு ஆனார்கள். அந்த நோயால் சாகிறவர்கள் எண்ணிக்கை குறையவில்லை. பரம்பரையாகப் புற்றுநோய் ஆபத்து உள்ள சில குடும்பங்களுக்கும், மைலோமா போன்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்காரர்களுக்கும் முழு உடல் எம்.ஆர்.ஐ. உண்மையிலேயே உதவுகிறது. நான் அந்தக் கணக்கில் வருகிறவன் கிடையாது.

முடிச்சைத் துரத்திக்கொண்டு சி.டி. எடுத்தேன், கேனில் ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் பிடித்துக் கொடுத்தேன், ஹார்மோன் டெஸ்ட்டுகளுக்குப் பணம் கட்டினேன். ஹார்மோன் டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி பிபி பார்த்தார். 170/100. வேறொரு நாள் வரச் சொல்லி மறுபடி பார்த்தார், இறங்கவில்லை. "இது எத்தனை நாளா இருக்குதுங்க?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. முடிச்சு ஒன்றும் செய்யாத முடிச்சு என்று முடிவாயிற்று. எனக்கு இருந்தது சாதாரண ரத்த அழுத்தம். அத்தனை பக்க ரிப்போர்ட்டில் அது ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் எம்.ஆர்.ஐ. பிபி பார்க்காது, சர்க்கரையும் பார்க்காது. பஞ்சுத் தூசியிலேயே மூச்சு விடுகிற நம் ஆட்களின் நுரையீரலுக்கு அது ஏற்ற சோதனையும் கிடையாது. அதற்கு ஊதிப் பார்க்கும் கருவி வேண்டும். ஸ்கேன் எடுத்ததால்தானே பிபி தெரிந்தது என்று நண்பர் ஒருவர் ஆறுதல் சொன்னார். என் வாசலில் நின்ற நர்ஸ் அதை இரண்டு நிமிஷத்தில், காசு வாங்காமல் சொல்லியிருப்பார்.

இதுவரை சொன்னது அறியாமை என்று மன்னிக்கலாம். இனிமேல் சொல்வதற்கு அந்தச் சாக்கு இல்லை. பிபி என்றால் என்ன என்று தெரிந்து, தினம் மாத்திரை போட ஆரம்பித்த பிறகும் அந்த நர்சைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் மாத்திரையை என் மேஜை டிராயரிலேயே வைத்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் என் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

செக்கிங்கில் திண்டுக்கல் பக்கத்து அக்கா ஒருவர். பீஸைத் திருப்பிப் போட்டு நூல் வெட்டுவதில் அவர் கை வேகம் யாருக்கும் வராது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தவர் கையிலிருந்து டிரிம்மர் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார், இடது கை வரவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொன்னார், வார்த்தை குழறியது. கம்பெனி வேனில் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பக்கவாதம். பிரஷர் ரொம்ப நாளாக இருந்திருக்க வேண்டும் என்றார்கள். முன்பே மாத்திரை போட்டிருந்தால் வந்திருக்காதா என்று டாக்டரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் ஆபத்து நிச்சயம் குறைந்திருக்கும் என்றார். "எனக்கு ஒரு நோவும் இல்லையேண்ணே, யாரும் பார்த்ததே இல்லையே" என்று அந்த அக்கா என்னிடம் சொன்னார். பார்க்க வந்தவரைத் திருப்பி அனுப்பியவன் நான் என்று அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இ.எஸ்.ஐ. போட்டிருந்தால் வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு, வருஷத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் அவருக்கு உரிமையாகக் கிடைத்திருக்கும். நான் மாதாமாதம் அனுப்பும் பணத்தை உதவி என்று அவர் சொல்கிறார். அது உதவி இல்லை, பாக்கி.

நர்ஸ் வந்து பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்த அக்காவின் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையை மையமாக வைத்து, 2000-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுக்குள் இருந்த 31,343 பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகளே அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயை ஒரே ஒரு முறை பார்த்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் லான்செட் இதழில் வந்தது. அந்தச் சோதனைக்கு மிஷின் ஏதும் இல்லை. நர்ஸ், லைட், பஞ்சு, அமிலம். உயிர் காத்ததற்கு இத்தனை உறுதியான சாட்சி, நான் படுத்து எழுந்த அந்த ஸ்கேனுக்கு இதுவரை இல்லை.

இப்போது எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. போட்டாயிற்று. நர்ஸ் வந்தார், முன்பு சொன்னது போலவே மிஷின் நிற்காமல் லைன் லைனாகப் பார்த்தார். சர்க்கரை ஏறிக் கிடப்பது தெரியாமலே ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருந்த சின்ன வயசுப் பையனையும் கண்டுபிடித்தார்.

சிட்கோவில் கம்பெனி வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு ஒன்று கேட்கிறேன். ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன் உங்கள் கையில் பிபி பட்டையைச் சுற்றிப் பாருங்கள், பிறகு உங்கள் ஆட்கள் கையிலும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே போன் செய்து கூப்பிடுங்கள், அவர்கள் வருகிற நாளில் ஷிப்மென்ட் இருந்தாலும் கேட்டைத் திறந்துவிடுங்கள். இ.எஸ்.ஐ. இல்லாத ஆள் ஒருவராவது உங்களிடம் இருந்தால் இந்த வாரமே பதிந்துவிடுங்கள்.