முதுகில் ஒட்டிய கோப்பாய்



இந்தக் கிழமை முழுவதும் நான் முழுகவில்லை. கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே ஒரு துளி தண்ணீர் படக்கூடாது என்பது இங்கே ஜேர்மனியில் தோல் வைத்தியரின் கட்டளை. வியர்க்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, வெயிலில் முதுகு காட்டக்கூடாது.

காரணம், எந்தப் பொருள் என் தோலுக்கு ஒவ்வாது என்று அறிய முதுகு நிறைய ஒட்டிய பிளாஸ்டர். அதிலுள்ள சின்னஞ்சிறு கிண்ணங்களில் நிக்கல், வாசனைக் கலவை, தலைமயிர்ச் சாயம், ரப்பரில் சேர்க்கும் இரசாயனம் என்று ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பொருள். திங்கட்கிழமை ஒட்டினால் 48 மணித்தியாலம் கழித்துப் புதன்கிழமை கழற்றிப் பார்ப்பார்கள். அதோடு விட்டுவிடமாட்டார்கள். வெள்ளிக்கிழமையும் போய் முதுகைக் காட்டவேண்டும். தோலில் பட்டு வரும் இந்த வகை ஒவ்வாமையில் வெள்ளணுக்கள் மெதுவாகத்தான் விழிக்கும். புதனன்று வெறுமையாக இருந்த இடம் வெள்ளியன்று சிவந்து தடித்து நிற்கலாம். எந்தக் கிண்ணம் எங்கே இருந்தது என்று தோலிலேயே பேனாவால் குறித்திருப்பார்கள், அந்தக் குறி அழியக்கூடாது. அதனால்தான் குளிப்புக்குத் தடை. பிரெஸ்லோவில் வேலை பார்த்த யோசெப் யாடசோன் என்ற வைத்தியர் 1895இல் எடுத்துச் சொன்ன முறை இது. இன்றுவரை இதை வெல்ல வேறொன்று வரவில்லை.

எனக்கு ஒவ்வொரு இலையுதிர்காலமும் கண்மடல், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் கடிக்கும். சொறிந்தால் நீர் கசியும். பெரியம்மா எங்கள் ஊர் கோப்பாயிலிருந்து தொலைபேசியில், “கிரந்தி பிள்ளை, கத்தரிக்காயையும் இறாலையும் நிப்பாட்டு” என்பா. நிப்பாட்டினேன். கணவாயும் அன்னாசியும் போயின. கடி போகவில்லை. ஊருக்கு வந்த நேரம் வைத்தியரிடம் காட்டியபோதும் ஒரு பூச்சுமருந்துதான் எழுதித் தந்தார்கள். பூசும் மட்டும் அடங்கி, விட்டதும் திரும்பியது.

இங்குள்ள வைத்தியர் நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்கவேயில்லை. எந்த மாதம், உடம்பில் எந்த இடத்தில் முதலில், கைச்சட்டை மூடிய இடம் எப்படி, என்ன வேலை என்றுதான் கேட்டார். பூக்கடையில் வேலை. நவம்பர் முதலாம் திகதி சகல புனிதர் திருநாளுக்குக் கல்லறைகளில் வைக்கும் செவ்வந்திச் சட்டிகளை அடுக்கும் காலம்தான் எனக்குக் கடிக்கும் காலம். வெள்ளிக்கிழமை முதுகில் கொதித்து நின்றதும் செவ்வந்திக் குடும்பச் செடிகளின் சாறு இருந்த கிண்ணம்தான். அதற்குப் பிறகுதான் அவர், “உங்கள் ஊரில் என்ன களை வளரும்?” என்று கேட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பார்த்தீனியம்! 1987இல் இந்தியப் படையோடும் அவர்களின் ஆடுகளோடும் வந்தது என்று ஊரில் சொல்வோமே, அதே செடி. அதுவும் செவ்வந்திக் குடும்பம்தான். அதிலுள்ள பார்த்தீனின் என்ற பொருளுக்கு ஒருமுறை தோல் பழகிவிட்டால், அதன் உறவினச் செடிகள் பலவற்றையும் தோல் அடையாளம் கண்டுகொள்ளும். செவ்வந்தி, சூரியகாந்தி, இங்கே சலாட்டுக்கு வெட்டும் லெட்டூஸ் வரை. காய்ந்த இலைத்தூளும் பூந்துகளும் காற்றில் வந்து கண்மடலிலும் கழுத்திலும் படிந்தாலே போதும், செடியைத் தொடவே தேவையில்லை. 1950களில் இந்தச் செடி புனேயில் இறங்கி இந்தியா முழுக்கப் பரவியபோது, அங்குள்ள தோல் வைத்தியர்கள் இதே கோலத்தைத்தான் கண்டார்கள்.

எங்கள் செம்மண்ணில் வெங்காயமும் வாழையும் விளையும். கிணற்றடியில் துலா மிதித்து அள்ளிய தண்ணீரில் உச்சி குளிர முழுகிய உடம்பு இது. இன்றைக்கு அந்த மண்ணில், பருத்தித்துறை வீதியோரத்திலும் ஆளில்லாத வளவுகளிலும் இந்த வெள்ளைப் பூதான் நிற்கிறது. இலங்கையின் 1999ஆம் ஆண்டுத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தீங்கான களை என்று அறிவித்தாயிற்று. ஒழுங்கையில் நிற்கும் செடிக்கு அது தெரியவா போகிறது? சிரமதானம் என்று பள்ளிப் பிள்ளைகளை விட்டு வெறுங்கையால் பிடுங்க வைக்கும் படங்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. என்னையும் அப்படித்தான் கோயில் வளவில் பிடுங்க விட்டார்கள். இந்த ஒவ்வாமை ஒருமுறை பிடித்தால் ஆயுளுக்கும் விடாது. பூக்கடை வேலையை நான் இந்த மாதத்தோடு விடுகிறேன்.

ஊரில் யாருக்காவது கண்மடலும் கழுத்தும் திரும்பத் திரும்பக் கடித்தால், கத்தரிக்காயைக் குற்றம் சொல்லமுதல் வேலிக்கு வெளியே போய்ப் பாருங்கள். ஒரு செடி 15,000 விதைக்கு மேல் போடும், முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். மாரி மழைக்குத் தளிர் கிளம்பும்போதே, பூக்கமுதல், வேரோடு பிடுங்குங்கள். கையுறையும் நீளக் கைச்சட்டையும் போட்டுப் பெரியவர்கள் பிடுங்கட்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.