242 ரூபாய் கம்ப்யூட்டர்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் தேய்மானக் கணக்குப் போடுவான். சோபா, ஸ்கூட்டர், சமயத்தில் சொந்தக்காரர்கள் வரை. நாற்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய கம்ப்யூட்டரை, வருமான வரியில் 2017-லிருந்து வந்த 40 சதவீதக் கணக்குப்படி வருடா வருடம் தேய்த்துக்கொண்டே போனால், பத்தாம் வருடக் கடைசியில் அதன் மதிப்பு 242 ரூபாய். இந்த முறையில் ஒரு விசேஷம், எத்தனை வருடம் தேய்த்தாலும் பூஜ்யம் மட்டும் வராது. கொஞ்சூண்டு மிச்சம் இருந்துகொண்டே இருக்கும்.

அந்த மிச்சத்தை வைத்து என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம்.

2025 அக்டோபர் 14-ம் தேதி, விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. சரி, 11-க்குப் போகலாமென்றால் டி.பி.எம். 2.0 இருக்கிறதா, பிராசஸர் புதுசா என்று ஏகப்பட்ட ஜாதகப் பொருத்தம் பார்க்கிறது. நேற்று வரை ஒழுங்காக ஓடிய பெட்டிகள் இப்படித்தான் கிழடு பட்டம் வாங்கின. எங்கள் தெரு பழைய பேப்பர்காரர் முன்னூறு ரூபாய் தருகிறேன் என்றார். புத்தக மதிப்பைவிட 58 ரூபாய் லாபம். ஆனாலும் கொடுக்கவில்லை. லாஃப்ட்டில் ஏற்றாமல், ஹாலில் ஷூ ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்து அதற்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்திருக்கிறேன். வீட்டிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டர்களுக்கும் அது பேக்கப் சர்வர்.

சர்வர் என்றதும் பயந்துவிடாதீர்கள். மானிட்டர், கீபோர்டு எதுவும் வேண்டாம். டெபியன் என்கிற லினக்ஸை இலவசமாக இறக்கிப் போடலாம். பத்து வயசுப் பெட்டிக்கு அது தாராளமாகப் போதும். ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஹார்ட் டிஸ்க் புதுசாக இருக்கவேண்டும். பழைய வண்டியை ஓட்டலாம் சார், பழைய பிரேக்கோடு ஓட்டக்கூடாது.

அடுத்தது கரண்ட். டெஸ்க்டாப் சும்மா இருந்தாலே 70 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட். 2016-ல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இலவசமாக அறிவித்தார்களே, அந்த நூறு யூனிட் மொத்தமும் இதற்கே சரியாகப் போய்விடும். அதனால் பயாஸில் ஒரு அலாரம் வைத்தேன். ராத்திரி பத்து மணிக்குத் தானாக எழுந்துகொள்ளும். மற்ற கம்ப்யூட்டர்கள் விழித்திருக்கும் நேரம் அது. வேலையை முடித்துவிட்டுப் பன்னிரண்டுக்குத் தானாகப் படுத்துவிடும். இரண்டு மாதத்துக்கு எட்டரை யூனிட்டுக்குள் முடிகிறது கதை. எங்கள் வீட்டில் சொன்ன நேரத்துக்குத் தூங்கப் போகிற ஒரே ஜீவன் அதுதான்.

அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன செய்கிறது? ஆர்-சிங்க் என்றொரு மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெராஸ் என்ற இருவர் 1996-ல் எழுதியது. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியிருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு வரும். மாறாத ஃபைலுக்குப் புதுப் பிரதி எடுக்காமல் பழசையே சுட்டிக்காட்டச் சொல்லவும் முடியும். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு முழு வீடு இருப்பதுபோலத் தெரியும், அடைத்துக்கொள்வது மாற்றங்களின் இடத்தை மட்டுமே. போன செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டுரை எப்படி இருந்தது என்று போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

“அதான் எல்லாம் க்ளவுடுல இருக்கே?” என்பார்கள். இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பாலானவை செய்வது ஒத்திசைவு. போனில் ஒரு போட்டோவை அழித்தால், அது சமர்த்தாக மேலேயும் அழித்துவிடும். குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், அவ்வளவுதான். கண்ணாடி நம் முகத்தைக் காட்டும், பத்திரப்படுத்தாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்லவேண்டும். பழைய பெட்டியில் ஒரு ஃபோல்டரைத் திறந்துவிட்டு, எல்லோரும் அதில் கொண்டுவந்து கொட்டுகிற மாதிரி அமைப்பதுதான் சுலபம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை வந்ததே, ஞாபகமிருக்கிறதா? பிரிட்டன் ஆஸ்பத்திரிகளையே ஸ்தம்பிக்க வைத்து, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணயத்தொகை கேட்டது. நெட்வொர்க் வழியாகவே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. இந்த மாதிரி ஒன்று உங்கள் லேப்டாப்பில் புகுந்தால், லேப்டாப் எங்கெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் அதுவும் எழுதும். அதனால் எங்கள் வீட்டில் லேப்டாப் எதற்கும் சர்வரின் சாவி கிடையாது. சர்வர்தான் மற்றவர்கள் வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வருகிறது. தபால்பெட்டியைத் திறக்கத் தபால்காரர் வருகிற மாதிரி.

வீட்டுக் கம்ப்யூட்டர் என்று இளப்பமாக நினைக்கவேண்டாம். 1998-ல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ வேலை நடந்துகொண்டிருந்தபோது, யாரோ ஒரு தப்பான கட்டளையைத் தட்டிவிட, படத்தின் ஃபைல்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மறைந்தன. பேக்கப்பைத் தேடிப் போனால் அது ஒழுங்காக வேலையே செய்திருக்கவில்லை. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர் குழந்தை பெற்று, வீட்டிலிருந்தபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அதைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அடுத்த வருடம் நவம்பரில் படம் ரிலீஸ்.

அந்தக் கதையில் என்னை உறுத்துவது போர்வை அல்ல. இருந்தும் இல்லாமல் போன அந்த ஆபீஸ் பேக்கப். கேஷ்புக்கையும் பாஸ்புக்கையும் ஒப்பிட்டு ரீகன்சிலியேஷன் போடாத வரை, பேங்கில் பணம் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, என் மகன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேதியும் ஒரு ஃபைலும் சொல்வான். நான் அதைச் சர்வரிலிருந்து எடுத்துத் திறந்து காட்டவேண்டும். திறந்தால் அவனுக்கு ஐஸ்க்ரீம். திறக்காவிட்டால் இரண்டு.

சர்வரும் அதே வீட்டில்தானே இருக்கிறது, வீட்டுக்கே ஏதாவது வந்தால்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்துத் தரைத்தள நண்பர் ஒருவருக்கு அதுதான் நடந்தது. கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே, பேக்கப் டிஸ்க் மேஜை டிராயரில். தண்ணீர் இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கிய 3-2-1 விதி இதற்குத்தான். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். எங்கள் வெளியூர் திருச்சி. பொங்கலுக்கும் ஆடிப்பெருக்குக்கும் போகும்போது பூட்டுப் போட்ட ஒரு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி வருவேன். அக்கா அதைச் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பட்டுப்புடவைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள்.

இத்தனையும் என் மனைவியிடம் பெருமையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏங்க, நீங்க இல்லாத அன்னிக்கு இதை யாரு திறக்கறது?” என்றாள்.

“இல்லாத அன்னிக்குன்னா? ஊர்ல இல்லாத அன்னிக்கா?”

“எப்படி வேணா வெச்சுக்கோங்க.”

ஒரு வாரம் உட்கார்ந்து ஒரே பக்கத்தில் எழுதினேன். எந்தப் பென்டிரைவை முதலில் செருக வேண்டும், பாஸ்வேர்டு என்ன, எங்கே தட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே உட்கார்ந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன், வாயைத் திறக்கக்கூடாது என்று ஒப்பந்தம். முப்பத்தைந்து நிமிடத்தில் டிஸ்க் திறந்தது. அம்மாவின் ஃபோல்டருக்குப் போனாள். அம்மா இறந்தது 2019-ல். அதற்கு முந்தின வருடம் வத்தக்குழம்புப் பக்குவத்தைப் போனில் சொன்னதை மகள் பதிவு செய்து வைத்திருந்தாள், நான்கு நிமிடம். முழுசாகக் கேட்டோம். நடுவில் ஒரு இருமல், அப்புறம் “அடுப்பைக் குறைச்சியா?”

மனைவி அந்தத் தாளை மடித்து, எல்.ஐ.சி. பத்திரங்கள் இருக்கிற கவரில் வைத்தாள்.

“பாத்தீங்களா, அத்தை நல்லெண்ணெய்தான் சொல்லியிருக்காங்க. இத்தனை நாளா நான் சொன்னா எங்க கேட்டீங்க?”