கரிசல் காட்டு வெள்ளி ரூபாய்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியெல்லாம் சீமைக்கருவேலம். நடுநடுவே வானம் பார்த்த கரிசல். மழை பெய்தால்தான் கண்மாயில் தண்ணீர். இப்படிப்பட்ட சீமையில் வங்கி வருவதற்கு முன்பே ஒரு வங்கி இருந்தது. வெள்ளி ரூபாய்! பருத்தி கைகொடுத்த வருஷம் பானைக்குள் போகும். மழை பொய்த்த வருஷம் வெளியே வரும்.

பழைய நாணயம் சேர்ப்பவர்கள் இன்று தேடி அலைவதும் இந்த ரூபாயைத்தான். எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. 1939 வரை பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. போர்க்காலத்தில், 1940இல், அது பாதியாகக் குறைந்தது. 1947இல் வெறும் நிக்கல். 1911ஆம் வருஷத்து ரூபாய்க்குத் தனிக் கதை உண்டு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானை, பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றி மாதிரி தெரிந்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பவே, அடுத்த வருஷமே யானையைத் திருத்தி அச்சடித்தார்கள்.

குண்டாற்றங்கரைத் திருச்சுழிக்கு வருகிறவர்கள் திருமேனிநாதரைத் தரிசித்துவிட்டு, ரமண மகரிஷி 1879இல் பிறந்த வீட்டையும் பார்த்துச் செல்வார்கள். 1896இல் மதுரையை விட்டுக் கிளம்பியபோது, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்குக் கொடுத்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார் அவர். ஒரு ரூபாய் நோட்டு 1917இல்தான் வந்தது. அன்றைக்கு ரூபாய் என்றாலே வெள்ளிதான்.

அந்தக் காலத்துக் காசுகள் இப்போது வேகமாகக் குறைகின்றன. வெள்ளி விலை ஏற ஏற, பாட்டியின் பானைக் காசு நகைக்கடைத் தராசில் எடைக்கு எடை போய், கொலுசாகத் திரும்புகிறது. எந்த வருஷத்துக் காசு என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. 1939 ரூபாய் அபூர்வமானது; அதுவும் உலையில் போனால் போனதுதான். அபூர்வம் என்பதால் போலிகளும் உண்டு. எடை குறைந்தாலோ காந்தத்தில் ஒட்டினாலோ சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு கொடுமை, புளியும் விபூதியும் போட்டுப் பளபளவென்று தேய்ப்பது. கறுத்த காசைத்தான் சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள். தேய்த்ததற்கு விலை பாதிகூடத் தேறாது. பழைய காசுக்கு லட்சம் தருகிறோம் என்று முன்பணம் கேட்டு வரும் அழைப்புகளைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்திருக்கிறது.

பானைக் காசு வீட்டுச் சொத்து. உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ புதையலாகக் கிடைத்தால் கதை வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அப்போது 10 ரூபாய் என்றால் பத்துத் தோலா வெள்ளிக் காசு!